உடும்பு உட்கார்ந்த பாறை

மந்தியும் முள்ளம்பன்றியும் முயலும் வறண்ட ஓடைக்கரையில் வைத்தியம் படித்துவந்தன. அங்கே யாரும் பாடம் நடத்துவதில்லை. நோயாளியை நடுவில் படுக்கவைத்து, என்ன நோய் என்று மூன்றும் பேசிப் பேசித் தாங்களே கண்டுபிடிக்க வேண்டும். பக்கத்துப் பாறையில் ஓர் உடும்பு உட்கார்ந்திருக்கும். யார் எதைச் சொன்னாலும், "உனக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்கும்.

"ஒரு பதிலாவது சொல்லியிருக்கிறதா? இதற்குப் பெயர் வாத்தியாரா!" என்றது மந்தி.

"வெயில் காய வருகிறது!" என்றது முள்ளம்பன்றி. முயலும் சிரித்துவைத்தது.

உடும்பின் காதில் அது விழுந்தது. பாறையிலிருந்து இறங்கிப் போனது, திரும்பி வரவில்லை.

மறுநாள் காலை ஒரு புள்ளிமான் நொண்டிக்கொண்டு வந்தது. பின்னங்கால் வீங்கியிருந்தது.

"சீக்கிரம் பாருங்கள். குட்டியைப் புதரில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்."

"முள்தான்!" என்றது முள்ளம்பன்றி. "முள்ளைப் பற்றி எனக்குத் தெரியாததா?"

"சந்தேகமே இல்லை!" என்றது மந்தி.

வீக்கத்தின் மேல் அருகருகே இரண்டு சிறு துளைகள் இருப்பதை முயல் பார்த்தது. சொல்ல வாயெடுத்தது. மற்ற இரண்டும் தலையாட்டிக்கொண்டிருந்தன. முயலும் தலையாட்டியது.

"இமையைத் தூக்க முடியவில்லை. முள் குத்தினால் இப்படி ஆகுமா?" என்று மான் கேட்டது.

"நடந்துவந்த களைப்பு அம்மா! கேள்வியெல்லாம் நாங்கள் கேட்டுக்கொள்கிறோம். நீ பேசாமல் படு!" என்றது மந்தி.

மூன்றும் குளம்பைக் கிளறி முள்ளைத் தேடின. வெயில் ஏறியது. மானின் நாக்கு குழறியது. குட்டியைப் பற்றி ஏதோ சொன்னது, யாருக்கும் புரியவில்லை. உச்சிவேளைக்குள் மூச்சு நின்றுவிட்டது.

"ரொம்ப ஆழமான முள்," என்றது மந்தி.

முயல் மெதுவாக அந்த இரண்டு துளைகளைக் காட்டியது. "பாம்புக்கடி. காலையிலேயே பார்த்தேன்."

"அடப் பாவி! ஏன் சொல்லவில்லை?" என்றது முள்ளம்பன்றி.

"யாரும் கேட்கவில்லையே."

விஷத்தை முறிக்கும் வேர், உடும்பு உட்கார்ந்த பாறைக்கு அடியிலேயே வளர்ந்திருந்தது. தூரத்தில் புதருக்குள்ளிருந்து குட்டி கூப்பிட்டது. யார் போய்ச் சொல்வது என்று மூன்றும் பேசத் தொடங்கின.

'எப்படித் தெரியும்?' என்று கேட்க ஆளில்லாத இடத்தில், எல்லோரும் தலையாட்டிவிட்டதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது.