ஹாமிஷின் ஊரில் ஒரு சர்வே

கடலோரப் பல்கலைக்கழகம் ஒன்றில் தமயந்தி என்றொரு பேராசிரியை இருந்தாள். அவளிடம் ஆய்வு மாணவியாகச் சேர்ந்த ஜெபக்கனி, அவளைவிட ஏழெட்டு வயது மூத்தவள். கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே ஆய்வு செய்ய வந்தவள். அதனால் தமயந்தி அவளை 'டீச்சர்' என்றே கூப்பிடுவாள்.

அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் ஸ்காட்லாந்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்துக்கும் பத்து வருடமாகக் கூட்டு ஒப்பந்தம். கருவாடு காயப்போடுகிற குப்பங்களில் வறுமை ஏன் தீரவில்லை என்று இரண்டும் சேர்ந்து ஆராய்ந்தன. கேள்விகள் அங்கிருந்து வரும். ஜெபக்கனியும் மற்றவர்களும் குப்பத்துக்குப் போய்க் கேட்டுவருவார்கள். வருஷா வருஷம் பயிற்சி. கட்டுரைகள் நல்ல நல்ல இதழ்களில் வந்தன.

இப்போது ஒரு நிரந்தர ஆய்வு மையம் தொடங்கப் போகிறார்கள். அதற்கு ஜெபக்கனியே தலைவி என்று இரண்டு பக்கமும் முடிவாகிவிட்டது. அவள் சரி என்று சொல்லவேண்டியதுதான் பாக்கி.

அவளுக்கு அதைச் சொல்ல வரவில்லை. ஏன் என்று அவளுக்கே பிடிபடவில்லை. ஒருநாள் மத்தியானம் தமயந்தியின் அறைக்குப் போனாள்.

"மேடம், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க டீச்சர்."

"அவங்க நமக்கு ஆராய்ச்சி சொல்லிக்கொடுத்தாங்க. நாமளும் நல்லாத்தான் கத்துக்கிட்டோம். ஆனா குப்பம் அப்படியேதானே இருக்கு? நாம கத்துக்கிட்டதுல ஏதும் தப்பா?"

தமயந்தி மேஜைமேல் இருந்த காலண்டரைப் பார்த்தாள்.

"அடுத்த மாசம் பயிற்சிக்கு அங்க போறீங்கல்ல?"

"ஆமா."

"பயிற்சி வேண்டாம். அங்க போய், குப்பத்துல கேக்குற அதே கேள்விகளைக் கேட்டு சர்வே எடுத்துட்டு வாங்க."

"எங்க எடுக்க?"

"ஹாமிஷ் ஊர்லதான்."

ஹாமிஷ் அந்தப் பக்கத்துப் பேராசிரியர். ஒப்பந்தத்தைத் தொடங்கிவைத்தவரே அவர்தான்.

"அங்க போய் யாரைக் கேக்க மேடம்? அங்க ஏழைங்க இருக்காங்களா?"

"போய்ப் பாருங்க."

கேட்ட கேள்விக்கு இது என்ன பதில் என்று யோசித்துக்கொண்டே ஜெபக்கனி விமானம் ஏறினாள்.

ஹாமிஷுக்கும் குழப்பம்தான். ஆனால், 'கூட்டு என்றால் இரண்டு பக்கமும்தானே' என்று தமயந்தி எழுதியிருந்ததை அவரால் மறுக்க முடியவில்லை. தன் ஊருக்கே கூட்டிப்போனார். கப்பல் கட்டும் தளம் மூடிப்போன துறைமுக ஊர். தேவாலயத்துக் கூடமொன்றில் இல்லாதவர்களுக்கு ரொட்டியும் டப்பா உணவும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரர்கள் பையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பதைப் பார்த்து, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தாள் ஜெபக்கனி.

ஓரமாக ஒரு மேஜை போட்டுக் கொடுத்தார்கள். வெகுநேரம் யாரும் வரவில்லை. கடைசியில் மொய்ரா என்றொரு பெண் வந்து உட்கார்ந்தாள். ஜெபக்கனி வயதுதான் இருக்கும்.

ஜெபக்கனி வழக்கம்போல ஆரம்பித்தாள். "போன மாதம் சாப்பிடாமல் படுத்த நாள் உண்டா?"

மொய்ரா அவளையே பார்த்தாள். "அதைத் தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள்?"

"மற்றவர்கள் சொன்னதோடு சேர்த்து ஆராய்வோம்."

"பிறகு?"

"கட்டுரை எழுதுவோம்."

"பிறகு?"

ஜெபக்கனி கையிலிருந்த கேள்வித்தாளைப் பார்த்தாள். எத்தனையோ குடிசைகளில் அவள் கேட்ட கேள்விகள்தான். இப்படி ஒரு 'பிறகு'வை யாரும் அவள் முன்னால் வைத்ததில்லை.

"தெரியவில்லை" என்றாள்.

"அப்படியானால் நான் சொல்லவில்லை" என்றாள் மொய்ரா. குரலில் கோபம் இல்லை. தன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஹாமிஷ் பக்கத்தில் வந்தார். "மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். இங்கே எங்களுக்கும் இதே கதைதான். லேசில் வாய் திறக்க மாட்டார்கள். அதனால்தான்..."

சொல்ல வந்தவர் நிறுத்திக்கொண்டார்.

"அதனால்தான் எங்கள் ஊருக்கு வந்தீர்களா?"

அவர் முகம் சிவந்தது. வாசல் பக்கம் பார்த்தபடி நின்றார்.

"இருக்கலாம்" என்றார். "நான் அப்படி யோசித்ததில்லை."

அவர் நல்ல மனிதர். குப்பத்தில் கருவாட்டு நாற்றத்துக்கு ஒருநாளும் முகம் சுளிக்காதவர். அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை, படாமல் இருக்கவும் முடியவில்லை ஜெபக்கனிக்கு.

ஊர் திரும்பியதும் நேராகத் தமயந்தியிடம் போனாள்.

"எத்தனை பேர் சொன்னாங்க டீச்சர்?"

"ஒருத்தரும் சொல்லலை மேடம்." நடந்ததை எல்லாம் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் குரல் ஏறியது. "அந்தம்மா ஒரே வார்த்தையில என் வாயை அடைச்சுட்டாங்க. நம்ம ஜனங்க ஏன் அப்படிக் கேக்கலை? பத்து வருஷமா பாய் விரிச்சு உக்கார வச்சு, டீ போட்டுக் கொடுத்து, கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னாங்களே? ஒருத்தர்கூட என்னை எதிர்த்துக் கேக்கலையே?"

தமயந்தி தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டாள்.

"போகும்போது ஒரு குழப்பம்தான் இருந்துச்சு. இப்ப அது ரெண்டாயிருச்சு. மையத்துக்கு நான் வரட்டுமா, வேண்டாமா? அதையாவது சொல்லுங்க."

"குப்பத்துல இருந்து கிளம்பும்போது அவங்க என்ன சொல்வாங்க?"

"என்ன சொல்வாங்க, எல்லாரும் சொல்றதுதான். 'போயிட்டு வாங்கம்மா, மறுபடி வரும்போது சொல்லுங்க'ம்பாங்க."

"எதைச் சொல்லச் சொன்னாங்க டீச்சர்?"

வருவதை முன்கூட்டித் தெரிவிக்கச் சொல்வதாகத்தான் ஜெபக்கனி இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அதுவும் மொய்ரா கேட்ட 'பிறகு?'தான் என்று இப்போதுதான் உறைத்தது.