குவளையை ஆட்டத் தெரியாத துரை

அரபிக் கடலோரத்தில் உள்ளங்கை அளவில் ஒரு ஷேக் ராஜ்யம். அதை அதிகாரம் பண்ண வந்த வெள்ளைக்காரர் பெல்டன் துரை. வந்த வேகத்தில், தன் ரோஜாத் தோட்டத்துக்கென்று மீனவர் குப்பத்துக் கிணற்றைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

"எங்க பாட்டன் தோண்டின கிணறு!" என்று குப்பமே திரண்டுபோய்ச் சொன்னது.

"வாய்ச்சொல் செல்லாது. பத்திரம் எங்கே?" என்றார் துரை.

மணலில் தோண்டிய கிணற்றுக்கு ஏது பத்திரம்?

அந்த வாரமே ஷேக் வீட்டில் துரைக்கு விருந்து. காப்பி ஊற்றும் மர்சூக் அதே குப்பத்து ஆள். துரை குடிக்கக் குடிக்க ஊற்றினான். நிறைந்த குவளையைக் கீழே வைத்தால் வீட்டுக்காரருக்கு அவமானம் என்பது மட்டும் துரைக்குத் தெரியும். கசப்புக் காப்பி தொண்டைவரை வந்துவிட்டது.

"போதும்!"

மர்சூக் ஊற்றினான்.

"போதும் என்கிறேன், காது கேட்கவில்லையா?"

"கேக்குது துரை. ஆனா வாய்ச்சொல் செல்லாதே! போதும்ங்கிறதுக்கு இங்கே வேற முறை இருக்கு."

"என்ன முறை? சொல்லித் தொலை!"

"சொல்லலாம். அதுவும் வாய்ச்சொல்தானே?" மர்சூக் மறுபடி கூஜாவைச் சாய்த்தான்.

ஷேக் தாடியைத் தடவிக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

தன் சொல்லே திரும்பி வந்தது துரைக்கு உறைத்தது; கிணற்றுச் சாவியை எடுத்து நீட்டினார். மர்சூக் அதை மடியில் முடிந்துகொண்டான். துரை கடைசி மிடறை விழுங்கியதும், அவர் மணிக்கட்டைப் பிடித்துக் காலிக் குவளையை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டு, கூஜாவைக் கீழே வைத்தான்.

"இவ்வளவுதானா? இது எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?"

"எங்க கிணறு எங்களுதுன்னு எழுதியிருக்கிற அதே சட்டத்துலதான், துரை."