ராஜா சுமந்த தண்ணீர்க்குடம்

கானல்பாடி என்று ஒரு நாடு. மழை அங்கே எப்போதாவது வரும், வந்த வேகத்தில் கிளம்பியும்விடும். அந்த நாட்டை வெகுகாலம் முன்பு முத்துகேசரி என்ற ராஜா ஆண்டுவந்தார். ஒருநாள் அவருக்குத் திடீரென்று ஆசை வந்தது. பனிமலை நாட்டுப் பூக்கள் தன் நந்தவனத்தில் பூத்தே ஆகவேண்டும்!

ஆசையை மூட்டிவிட்டவர் நந்தவன அதிகாரி அம்பலவாணர். வண்டி வண்டியாகச் செடிகள் வந்து இறங்கின. வெயில் பட்டதும் அத்தனையும் தலையைத் தொங்கப் போட்டன. "தண்ணீர் போதவில்லை, மன்னா" என்றார் அதிகாரி. ஊரில் இருந்த ஒரே நல்ல கிணற்றை அரண்மனை ஆட்கள் ஓயாமல் இறைத்தார்கள். செடியும் தேறவில்லை, ஊருக்குக் குடிக்கவும் தண்ணீர் இல்லை. ராஜாவைக் கேலி செய்ய எனக்கு யோக்யதை கிடையாது. என் மொட்டைமாடியில் நான் ஆசையாய் வாங்கிவைத்த ஊட்டி ரோஜாக்களுக்குக் கருமாதி செய்யாததுதான் பாக்கி.

மந்திரி மாறநம்பிக்கு இது பொறுக்கவில்லை. ஆனால் ராஜாவிடம் நேராகச் சொல்ல முடியாது. போன தடவை நேராகச் சொன்னவர் இன்னும் யானைக் கொட்டடியில் சாணி அள்ளிக்கொண்டிருக்கிறார்.

"மன்னா, இவை ராஜவம்சத்துச் செடிகள். வேலைக்காரன் கையால் ஊற்றினால் குடிக்குமா? தாங்களே கிணற்றிலிருந்து சுமந்துவந்து ஊற்றவேண்டும்" என்றார் மந்திரி.

மந்திரி முந்திக்கொண்டாரே என்று அதிகாரிக்குப் பொறாமை. "அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்!" என்று பாய்ந்தார். அதோடு நிற்காமல், "மந்திரியாரும் வீட்டு வாசலில் ஆவாரையும் தும்பையும் வளர்க்கிறாராம். ஆடுகூடச் சீந்தாத செடி!" என்றார். சபை சிரித்தது.

"உண்மைதான், மன்னா" என்றார் மந்திரி. "முதலில் வைத்தவற்றுக்குத் தினமும் குடம் குடமாக ஊற்றி, அழுகவைத்துக் கொன்றேன். அடுத்த மழைக்கு வைத்தவற்றுக்கு வேர் பிடிக்கும்வரை ஊற்றினேன், அப்புறம் மறந்துபோனேன். பிழைத்துக்கொண்டன. அடியேனின் அக்கறைதான் செடிகளுக்கு ஆகவில்லை."

மறுநாள் காலை ராஜா குடத்தோடு கிணற்றடிக்குப் போனார். பின்னால் அதிகாரி குடை பிடித்துவந்தார். அங்கே பெரிய வரிசை. ராஜா முன்னால் போகப் பார்த்தபோது செங்கமலம் என்ற பெண் மறித்தாள்.

"ராசா, கும்புடுறேன். நாங்க விடியறதுக்கு முன்னாலேருந்து நிக்கிறோம். பச்சப்புள்ளைக்குக் குடிக்கத் தண்ணி வேணும். உங்க செடி அழுவாது, எம்புள்ள அழுவுது."

ராஜாவுக்கு முகம் சுருங்கியது. வரிசையின் கடைசியில் போய் நின்றார். முறை வந்தபோது பாதிக் குடம் சேறுதான் கிடைத்தது. இப்படியே ஒரு வாரம். உள்ளங்கை கொப்பளித்தது, இடுப்பு பிடித்துக்கொண்டது. பனிமலைச் செடிகள் மட்டும் தலை நிமிரவில்லை.

அன்றும் குடத்தோடு திரும்பும்போது வழியில் மந்திரியின் வீடு. வாசல் முழுக்க மஞ்சளாய் ஆவாரை பூத்திருந்தது. வண்ணத்துப்பூச்சிகள் மொய்த்தன. ராஜா நின்றுவிட்டார்.

"மாறநம்பி! உம் செடிக்கு யாரய்யா தண்ணீர் ஊற்றுகிறார்கள்?"

"இப்போது யாரும் இல்லை, மன்னா. இது நம்ம ஊர்ச் செடி. ஊர் ஜனங்களைப் போலத்தான். தாங்கள் கவனிக்காமலே உயிர்வாழப் பழகிக்கொண்டது."

"என்ன திமிர்!" என்று கத்தினார் அதிகாரி.

ராஜா கத்தவில்லை. தன் கொப்பளத்தைப் பார்த்தார், சேற்றுத் தண்ணீரைப் பார்த்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். "நாடாளத் தெரிந்த எனக்கு ஆவாரைக்கு இருக்கும் புத்தி இல்லையே! அம்பலவாணரே, குடையைக் கீழே வையும். மழை வரும்வரை பக்கத்து ஊர் ஏரியிலிருந்து இந்த ஜனங்களுக்குத் தண்ணீர் சுமப்பது உம் வேலை. செடிக்கு இனி ஒரு சொட்டும் கிடையாது. மாறநம்பி, நந்தவனம் இனி உம் பொறுப்பு. முதல் மழைக்கு நம்ம ஊர்ச் செடிகளை வையும்."

"வைக்கிறேன், மன்னா. ஆனால் நான் அதிகம் அக்கறை எடுக்காமல் தாங்கள்தான் பார்த்துக்கொள்ளவேண்டும்."

ராஜா வந்த வழியே திரும்பினார். அன்று பிந்தி வந்து, தண்ணீர் ஊறட்டும் என்று கிணற்றடியில் காத்து நின்றிருந்த செங்கமலத்தின் குடத்தில் தன் குடத்தைச் சாய்த்தார். கொப்பளித்த கையில் குடம் வழுக்கியது.

"பாத்து ஊத்துங்க ராசா" என்றாள் அவள். "சிந்துது."