மரியபுஷ்பம் அக்காவின் கோல்டு ரூமுக்குக் கேஸ் மாற்றிய கதை

எங்கள் ஊர் நெய்தல்மேடு. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டி இருக்கிறது. ஊரில் எங்கள் மூன்று பேரையும் மெக்கானிக் என்றுதான் கூப்பிடுவார்கள். அதை நாங்கள் யாரிடமும் கேட்டு வாங்கவில்லை. ஒரு நாள் பக்கிரிசாமி அண்ணன் கையில் ஸ்பேனரோடு கடைத்தெருவில் நடந்து போனார். அவ்வளவுதான். அந்த ஸ்பேனரைக்கூட அவர் உரியவரிடம் கொடுக்கத்தான் எடுத்துப் போனார்.

மூவரில் மூத்தவர் அவர். அதனால் யோசிக்கிற வேலை அவருடையது. அவர் யோசித்ததைச் சந்தேகப்படுகிற வேலை ஜெகபர் அலியுடையது. சொன்னதைச் செய்கிற வேலை கலியபெருமாளாகிய என்னுடையது. இந்த ஏற்பாட்டில் எங்களுக்குள் ஒருநாளும் சண்டை வந்ததில்லை. அடி விழும்போதும் மூவருக்கும் சமமாகவே விழுந்திருக்கிறது.

மரியபுஷ்பம் அக்கா மீன் வியாபாரி. தலைச்சுமையாகக் கூடை தூக்கி விற்க ஆரம்பித்து, மெல்ல மெல்ல ஒரு கோல்டு ரூம் கட்டுகிற அளவுக்கு வந்தவர். வஞ்சிரமும் இறாலும் அதில் உறைந்து கிடக்கும். கொச்சியிலிருந்து லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும். அந்த வருஷம் கொச்சிக்காரர்கள் ஒரே பிடியாக நின்றார்கள். பழைய கேஸில் ஓடுகிற கோல்டு ரூமிலிருந்து இனி மீன் எடுக்க மாட்டோம், உலகத்தைச் சூடாக்காத புதுக் கேஸுக்கு மாறுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மாறாவிட்டால் அக்காவுக்கு லாரி வராது. லாரி வராவிட்டால் திரும்பவும் கூடைதான்.

புதுக் கேஸையும் சாமான்களையும் கொண்டுவந்தவர் வரதராஜன் என்கிற இன்ஜினியர். அவருக்குக் காரைக்காலில் இன்னொரு அவசர வேலை. உள்ளூரில் நம்பிக்கையான மெக்கானிக் இருந்தால் படிப்படியாகச் சொல்லித் தருகிறேன், சந்தேகம் வந்தால் போன் பண்ணட்டும் என்றார். அக்கா எங்களைக் காட்டினார். அக்காவுக்கு எங்கள் மேல் நம்பிக்கை உண்டு. அவர் வீட்டு மின்விசிறியைச் சரிசெய்தது நாங்கள்தான். அது இன்றைக்கும் ஓடுகிறது. எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறது என்பதை அவர் பெரிதுபடுத்துவதில்லை.

மீனையெல்லாம் பெட்டி பெட்டியாக ஐஸ் போட்டு வெளியே அடுக்கினோம். ஐஸ் கரைவதற்குள் வேலை முடிய வேண்டும். சாயங்காலம் லாரி வருகிறது.

இன்ஜினியர் முதலில் சொன்னது, பழைய கேஸைக் காத்துல விட்டுடாதீங்க என்பது. ஒரு காலி சிலிண்டரையும் ஒரு சின்ன பம்பையும் வைத்துவிட்டுப் போனார்.

நாங்கள் வெளியே வந்து பார்த்தோம். நல்ல காற்று. கொடியில் காய்ந்த துணி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"காத்து நிக்கட்டும். நின்னதும் விடலாம்" என்றார் பக்கிரிசாமி அண்ணன்.

காலி சிலிண்டர் உட்காருவதற்கு வசதியாக இருந்ததால், ஒருவர் மாற்றி ஒருவர் அதன் மேல் உட்கார்ந்து காத்திருந்தோம். கடற்கரையில் காற்று எப்போது நிற்கும் என்று ஜெகபர் அலி கேட்டான். அவனுடைய வாப்பா காலத்தில் ஒருமுறை நின்றதாகவும், அடுத்த நாள் புயல் வந்ததாகவும் அவனே சொன்னான். புயலில் விடலாமா என்று கொஞ்ச நேரம் பேசினோம். அதுவும் காற்றுதான் என்று முடிவாயிற்று.

ஐஸ் கரைகிற தண்ணீர் எங்கள் கால் வரைக்கும் வந்துவிட்டது. அக்கா வந்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னோம். "நீ உக்காந்திருக்கியே, அதுல புடிக்கத்தானய்யா குடுத்துட்டுப் போனாரு" என்றார். பக்கிரிசாமி அண்ணன் எழுந்து சிலிண்டரைச் சுற்றிப் பார்த்தார். அதையும் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன் என்றார்.

பழைய கேஸைப் பிடித்து முடித்தோம். பிறகு எண்ணெய் மாற்றினோம், வடிகட்டி மாற்றினோம். இதிலெல்லாம் தப்பு நடக்கவில்லை. டின் மேல் படம் போட்டிருந்தது.

அடுத்தது லீக் பார்ப்பது. காற்றழுத்தம் கொடுத்து, பைப்பு மூட்டுகளில் எல்லாம் சோப்புத் தண்ணீர் பூச வேண்டும். லீக் இருக்கிற இடத்தில் சோப்பு முட்டை கிளம்புமாம். முட்டை வந்தால் உடனே போன் பண்ண வேண்டும். இது உத்தரவு. பூசினோம். மிஷினை மூன்று பக்கமும் சூழ்ந்து உட்கார்ந்து, கண் இமைக்காமல் பார்த்தோம். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு அக்காவின் கோழி ஒன்று கம்ப்ரஸருக்கு அடியில் போய் ஒடுங்கி உட்கார்ந்தது. அதைத் தொந்தரவு பண்ண வேண்டாம் என்று விட்டுவிட்டோம். அது எழுந்து போனபின் பார்த்தால், வந்திருந்தது.

பக்கிரிசாமி அண்ணன் போன் போட்டார். "சார், முட்டை வந்துடுச்சு."

"எத்தனை?"

"ஒண்ணு சார்."

"சின்னதா பெருசா?"

"நடுத்தரம்."

"எந்த இடத்துல?"

"கம்ப்ரஸருக்கு நேர் அடியில."

"உடைஞ்சு மறுபடி மறுபடி வருதா?"

"உடையல சார். பத்திரமா எடுத்து அக்கா கையில குடுத்துட்டோம்."

லைன் போயிருக்கும் என்று அண்ணன் போனை உதறினார். பிறகு இன்ஜினியர், வேற எங்கயும் இல்லையே என்று மட்டும் கேட்டார். வேறு எங்கேயும் இல்லை என்று சத்தியம் பண்ணினோம். உண்மையிலேயே வேறு எங்கும் இல்லை. லீக்கும் இல்லை.

பிறகு வேக்குவம். பைப்புக்குள் இருக்கிற காற்றையெல்லாம் பம்பு வைத்து உறிஞ்சிவிட வேண்டும் என்றும், உள்ளே ஒன்றுமே இல்லை என்று உறுதியான பிறகுதான் புதுக் கேஸ் ஏற்ற வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். பம்பு ஓடியது.

"உள்ள ஒண்ணுமே இல்லைன்னு எப்படித் தெரியும்?" என்றான் ஜெகபர் அலி.

"தொறந்து பாத்தாத் தெரியும்" என்றார் அண்ணன்.

திறந்து பார்த்தோம். புஸ்ஸென்று ஒரு சத்தம். உள்ளே காற்று இருந்தது. மூடிவிட்டு மறுபடி பம்பை ஓட்டினோம். மறுபடி திறந்து பார்த்தோம். மறுபடியும் காற்று. இந்த மிஷின் எங்கிருந்தோ காற்றைக் கொண்டுவருகிறது என்று அண்ணன் கவலைப்பட ஆரம்பித்தார். ஒவ்வொரு முறையும் நாம் திறக்கும்போதுதான் அது உள்ளே போகிறதோ என்று ஜெகபர் அலி சந்தேகப்பட்டான். அப்படியானால் திறக்காமல் பார்க்க வேண்டும். திறக்காமல் எப்படிப் பார்ப்பது? மூவரும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, பைப்போடு மாட்டியிருந்த மீட்டரில் ஒரு முள் இருப்பது என் கண்ணில் பட்டது. அதைப் பார்க்கச் சொல்லித்தான் இன்ஜினியர் காலையில் வெகுநேரம் பேசினார் என்பதும் ஞாபகம் வந்தது.

புதுக் கேஸ் சிலிண்டரைத் தலைகீழாக வைத்துத்தான் ஏற்ற வேண்டுமாம். இல்லாவிட்டால் கலவையாக இருக்கிற கேஸ் பிரிந்து, ஒரு பங்கு முன்னும் ஒரு பங்கு பின்னுமாகப் போய்விடுமாம். ஏற்றும்போது சிலிண்டர் மேல் எழுதியிருப்பதை ஒருமுறை படித்துச் சரிபார்த்துக்கொள்ளவும் சொல்லியிருந்தார். தலைகீழாக வைத்தோம். எழுத்தும் தலைகீழாகிவிட்டது. சிலிண்டரைத் திருப்பக் கூடாது, படிக்காமலும் இருக்கக் கூடாது. அண்ணன் என்னைப் பார்த்தார். சொன்னதைச் செய்கிறவன் நான். சுவரோரமாகத் தலைகீழாக நின்றேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு காலைப் பிடித்துக்கொண்டார்கள். எல்லா எழுத்தும் நேராகத் தெரிந்தது. ஆங்கிலத்தில் இருந்தது. எனக்கு ஆங்கிலம் தெரியாது. ஜெகபர் அலிக்குத் தெரியும். என்னை இறக்கிவிட்டு அவனை நிறுத்தினோம்.

இப்படியாகக் கேஸ் ஏறியது. சுவிட்சைப் போட்டதும் மிஷின் உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். எங்களுக்கும் கண் கலங்கிவிட்டது. நாங்கள் தொட்டு முதல் தடவையே ஓடிய மிஷின் அதுதான். மீன் பெட்டிகளைத் திரும்பவும் உள்ளே அடுக்கினோம்.

இன்ஜினியரிடம் போனில் சொன்னோம். ரொம்பச் சந்தோஷம், மைனஸ் பதினெட்டு வர்ற வரைக்கும் யார் சொன்னாலும் கதவைத் திறக்காதீங்க என்றார்.

உள்ளே எவ்வளவு குளிர் என்று வெளியே காட்டுகிற மீட்டர் முன்பே பழுதாகிக் கிடந்தது. ஒரு தெர்மாமீட்டர் உள்ளேதான் தொங்கியது. அதைப் பார்த்துச் சொல்ல ஒருவர் உள்ளே இருக்க வேண்டும் என்று அண்ணன் யோசித்தார். யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கதவு மூடியது.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. வெயில் காலத்தில் இப்படி ஒரு வேலை கிடைக்க வேண்டுமே என்று நினைத்தேன். முள் பூஜ்யத்தைத் தாண்டியது. விரல் மரத்தது. பிறகு காது மரத்தது. இறால் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தவன் எழுந்து குதிக்க ஆரம்பித்தேன். கடைசியில் கதவைத் தட்டினேன்.

"எவ்வளவு?" என்றது வெளியிலிருந்து அண்ணனின் குரல்.

"மைனஸ் ஒம்பது."

"இன்னும் பாதி இருக்கு தம்பி."

"குளுருது அண்ணே."

"அப்ப வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

அவர் சொன்னதில் தப்பில்லை. நான் மறுபடி குதித்தேன். வெளியே அவர்கள் எனக்காகக் கவலைப்பட்டுப் பேசிக்கொண்டது கேட்டது. டீ வாங்கிக் கொடுக்கலாம் என்றான் ஜெகபர் அலி. கதவைத் திறக்காமல் எப்படிக் கொடுப்பது என்றார் அண்ணன். கதவு திறக்கிற வரைக்கும் டீ ஆறிவிடுமே என்று யோசித்து, எனக்கு வாங்கியதை அவர்களே குடித்துவிட்டார்கள். அது எனக்கு ஆறுதலாக இருந்தது. வீணாகப் போயிருந்தால் வருத்தப்பட்டிருப்பேன்.

அந்த நேரம் அக்கா வந்து கலியபெருமாள் எங்கே என்று கேட்டிருக்கிறார். பதில் கேட்டதும் கதவருகே ஓடிவந்தார்.

"ஏய், உள்ள மஞ்ச குமிழ் இருக்குல்ல, அதைத் தள்ளு. கதவு தொறக்கும்" என்று கத்தினார்.

"தெரியுங்கக்கா" என்றேன். பல் தந்தியடித்தது. "அதுக்குப் பக்கத்துலதான் நிக்கிறேன்."

"தள்ளித் தொலையேன்டா."

"யாரு சொன்னாலும் தொறக்கக் கூடாதுன்னாரு சார். நீங்க சொல்றீங்க."

அக்கா வெளியிலிருந்து கதவைத் திறந்து, என் சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டார். என் மீசையில் வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருந்தது. அக்கா தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துக்கொண்டே மூன்று பேரையும் திட்டினார். வேலை பாதியில் நிற்கிறதே என்று நான் மறுபடி உள்ளே போகப் புறப்பட்டேன். காலரைப் பிடித்து வெயிலில் உட்கார வைத்தார்.

லாரி வந்தபோது உள்ளே மைனஸ் பதினெட்டு இருந்தது. கொச்சிக்காரர் பார்த்தார், தலையாட்டினார், மீனை ஏற்றிக்கொண்டு போனார். அக்கா எங்களுக்கு ஆளுக்கொரு வஞ்சிரம் கொடுத்தார்.

அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் மறுநாள் காலையில் இன்ஜினியர் ஒரு கடைசி வேலை சொன்னார். அடுத்து வருகிற மெக்கானிக் தெரியாமல் பழைய கேஸை ஏற்றிவிடக் கூடாது. அதனால் கேஸ் மாற்றிய விவரத்தைப் பெரிதாக எழுதி, எல்லாரும் பார்க்கிற இடத்தில் ஒட்டிவிடுங்கள் என்றார்.

பெரிதாக எழுதினோம். ஒட்டுகிற இடத்தில்தான் வாக்குவாதம். மிஷின் கொல்லைப்பக்கம் இருக்கிறது, அங்கே யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்றார் அண்ணன். டீக்கடை என்றேன் நான். அங்கே எல்லாரும் பஜ்ஜியைத்தான் பார்ப்பார்கள் என்றான் ஜெகபர் அலி. ஊரில் எவன் போனாலும் வண்டியின் வேகத்தைக் குறைத்து, பயந்துகொண்டாவது ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகிற சுவர் ஒன்றுதான் இருக்கிறது என்று கடைசியில் மூவரும் ஒத்துக்கொண்டோம். போலீஸ் ஸ்டேஷன் சுவர். வாசலுக்குப் பக்கத்தில் பசை தடவி நேராக ஒட்டினோம்.

"இங்கு பழைய கேஸ் முழுவதும் எடுக்கப்பட்டுவிட்டது. புதிய கேஸ் போடப்பட்டுள்ளது. இப்படிக்கு, பக்கிரிசாமி குழுவினர்."

மதியத்துக்குள் ஸ்டேஷன் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. வாய்க்கால் தகராறில் வருஷக்கணக்காக அலைந்தவர்கள், இனி வர வேண்டியதில்லை அல்லவா என்று இன்ஸ்பெக்டரிடம் கேட்டு, இனிப்புக் கொடுத்தார்கள். இன்னொரு பக்கம், புதுக் கேஸ் யார் யார் மேல் என்று தெரியாமல் பாதி ஊர் படகில் ஏறிக் கடலுக்குப் போய்விட்டது. இன்ஸ்பெக்டர் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார்.

மேஜைக்கு முன்னால் கை கட்டி நின்றோம். அவர் நிதானமான மனிதர். சுவரிலிருந்து கிழித்த தாளை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, "உங்க மூணு பேர் மேலயும் கேஸ் போடப் போறேன்" என்றார்.

பக்கிரிசாமி அண்ணன் தொழில் தெரிந்தவர் என்ற முறையில், மரியாதையாக ஒரு அடி முன்னால் போனார்.

"மேல போட்டா நிக்காது சார். உள்ளதான் போடணும்."

இன்ஸ்பெக்டர் ஏட்டைத் திரும்பிப் பார்த்து, "அவரே சொல்றாரு. போடுய்யா உள்ள" என்றார்.

ஏட்டு எங்களை உள்ளே விட்டுக் கம்பிக் கதவைப் பூட்டினார். பக்கிரிசாமி அண்ணன் சுவரில் சாய்ந்து வசதியாக உட்கார்ந்துகொண்டு எங்களைப் பார்த்தார்.

"எடுத்துச் சொன்னாப் புரிஞ்சுக்கிற மனுஷன்டா" என்றார்.