கை தூக்கிய டாக்டர்கள்

டாக்டர்கள் ஏன் கிராமத்துக்குப் போவதில்லை என்று வருஷக்கணக்காக ஆராய்ச்சி செய்கிறவன் நான். என் மாமனார் பாஷையில், வேலைவெட்டி இல்லாதவன்.

பட்டம் கிடைக்க ஒரு மருத்துவக் கல்லூரி டீனின் கையெழுத்து பாக்கி. 'டாக்டர்களுக்குப் போக ஆசையில்லை, அவ்வளவுதான்' என்ற என் ஆராய்ச்சி முடிவைப் படித்துவிட்டு டீன் கனகசபாபதி கொதித்தார்.

"எங்க பிள்ளைங்க கிராமத்துக்குப் போகத் துடிக்கிறாங்கய்யா! இன்னைக்கு ஆண்டு விழாவுல கேட்டே காட்டறேன். நீர் முடிவை மாத்தி எழுதணும். இல்லேன்னா கையெழுத்து கிடையாது."

விழாவில் மைக்கைப் பிடித்துக் கேட்டார்: "கிராமத்துல வேலை பார்க்க யாருக்கெல்லாம் ஆசை?"

அரங்கமே கை தூக்கியது. பேராசிரியர்கள் தூக்கினார்கள். டீனும் தூக்கினார். "இப்ப என்ன சொல்றீர்?" என்று மைக்கை என்னிடம் நீட்டினார்.

"தப்பு என்னுதுதான் சார். மலைக் கிராமங்கள்ல டாக்டர் இல்லாத ஆஸ்பத்திரி நிறைய இருக்காம். சுகாதாரத்துறை அதிகாரி முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கார். தூக்கின கையை யாரும் இறக்காதீங்க, பேர் எழுதிக்குவார்."

அதிகாரியும் சமர்த்தாகப் பேனாவைத் திறந்தார். ஒரு கை தலையைச் சொறிந்தது. ஒரு கை கண்ணாடியைச் சரிசெய்தது. டீனின் கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றுவிட்டு, கொசு விரட்டியது. நான் மேற்கொண்டு வாய் திறப்பதற்குள் அதே கையால் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். கடைசி வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள்.

"சார், இந்த ஆராய்ச்சிக்காக நீங்க எந்த மலைக்குப் போனீங்க?"

மலைப்பாதை என்றாலே தலைசுற்றும் என்று, எல்லாரையும் போனிலேயே பேட்டி எடுத்தவன் நான்.

என்ன செய்ய, அந்தக் கொசு நேராக என்னிடம்தான் வந்தது.