ரூபர்ட் துரை போட்ட கேட்

இங்கிலாந்தில் ஒரு கிராமம். சர்ச்சுக்குப் போகும் குறுக்குப் பாதையில் பெரிய நிலக்காரர் ரூபர்ட் துரை கேட் போட்டுப் பூட்டிவிட்டார். "என் நிலம். எவன் காலும் படக்கூடாது!"

அந்த மாதமே அவருடைய அப்பா செத்துப்போனார். சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் முன்னால் நின்றவன் கால்வாய் வெட்டும் ஏமஸ். கொட்டுகிற மழையில், சதுப்பைச் சுற்றிப் போகும் மூன்று மைல் வழியில் திரும்பினான்.

"டேய், எங்கே போறே? அப்பாவைச் சேத்தில போட்டுடாதே! சர்ச் இந்தப் பக்கம்!"

"பூட்டியிருக்கே துரை. அதோட, பொணம் ஒருதரம் போன பாதை ஊருக்கே பொதுன்னு நம்ம ஊர் வழக்கம். உங்க நிலம் போயிடுமேன்னுதான் சுத்திப் போறோம்."

ஊரே பார்த்தது. பெட்டி ஒரு பக்கம் சரிந்தது. துரை பல்லைக் கடித்துக்கொண்டு தானே பூட்டைத் திறந்தார்.

அடக்கம் முடிந்ததும் ஏமஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து நின்றான்.

"துரை, அந்தக் கேட்டைக் கழட்டி எங்கே கொண்டுவந்து வைக்கட்டும்?"