ஆமை தவழாத வீடு

முன்னொரு காலத்தில், அரசனுக்குத் தூக்கம் வராவிட்டால் நாடே விழித்திருக்க வேண்டிய காலத்தில், ஒரு மன்னர் இருந்தார். நாட்டின் பெயரைக் கேட்காதீர்கள். கேட்டால் நானும் குழம்பி உங்களையும் குழப்புவேன். மன்னருக்குப் பஞ்சணையில் படுத்தால் கண் மூடாது. வைத்தியர்கள் எண்ணெய் தேய்த்தார்கள். பாணர்கள் யாழ் வாசித்தார்கள். வாசித்த பாணர்கள் தூங்கிப் போனார்கள், மன்னர் மட்டும் உத்தரத்தை எண்ணிக்கொண்டு கிடந்தார்.

அந்த அரசவையில் பூவுலிங்கம் என்றொரு விகடன். மன்னரைச் சிரிக்க வைப்பது அவன் உத்தியோகம். ஒருநாள் வேட்டை முடிந்து திரும்பும் வழியில் பெருமழை பிடித்துக்கொள்ள, மன்னர் ஒரு சந்துக்குள் இருந்த வீட்டில் ஒதுங்கினார். அது பூவுலிங்கத்தின் வீடு. அவன் மனைவி வடிவு ஒரு சொம்பு மோர் கொடுத்தாள். குடித்துவிட்டு முற்றத்து ஓரத்தில் கோரைப்பாயில் சாய்ந்த மன்னர், சாயங்காலம் வரை அடித்துப் போட்டாற்போல் தூங்கினார்.

இந்தச் சேதி ஓலைநாயகம் திருவரங்கநாதர் காதில் விழுந்தது. அரசாங்கத்து ஓலைகளுக்கெல்லாம் அவர்தான் தலைவர். பூவுலிங்கம் வாயைத் திறந்தால் மன்னர் சிரிக்கிறார், தாம் வாயைத் திறந்தால் மன்னர் கொட்டாவி விடுகிறார் என்பது அவருடைய நெடுநாள் வயிற்றெரிச்சல். மறுநாள் காலை மன்னரின் காதருகே போய் என்னவோ ஓதினார். அவ்வளவுதான், மன்னருக்கு ஆசை வந்துவிட்டது.

"நாடு முழுவதும் என்னுடையது என்கிறீர்கள். ஆனால் நான் விலைகொடுத்து வாங்கிய வீடு ஒன்றுகூட இல்லை. பூவுலிங்கத்தின் வீட்டை வாங்கப்போகிறேன். கட்டளையிட்டுப் பறித்துக்கொள்ள மாட்டேன். ஒரு குடியானவன் எப்படி வாங்குவானோ அப்படியே முறையாக வாங்குவேன்" என்றார் மன்னர்.

பூவுலிங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை. விற்கமாட்டேன் என்றால் ராஜ விரோதம். விற்றால் அவனும் வடிவும் எங்கே போவது? கூரைக்கு ஓடு போட வடிவு தன் கெம்புத் தோட்டைக் கழற்றிக் கொடுத்திருந்தாள். இப்போது அவளுக்கு மாதம் வேறு ஏறியிருந்தது. பிள்ளை பிறக்கிற நேரத்தில் வீடு இல்லாமல் நிற்பதா? தலையை மட்டும் ஆட்டினான். எதற்கு ஆட்டினோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

அந்த நாட்டு வழக்கப்படி ஒரு வீடு கைமாற இரண்டு ஆவணக்காரர்கள் வேண்டும், வாங்குகிறவர் பக்கம் ஒருவர், விற்கிறவர் பக்கம் ஒருவர். எல்லை சரியா, வில்லங்கம் உண்டா, கிணற்றில் யாருக்குப் பங்கு என்றெல்லாம் பார்த்து ஓலை எழுதி, இருவரும் கைச்சாத்து வைத்தால்தான் விற்பனை செல்லும். மன்னர் பக்கம் ஓலைநாயகமே எழுதினார். எழுதியதை அவையில் ராகம் போட்டு வாசித்தும் காட்டினார்.

"மேல்நோக்கிய மரமும், கீழ்நோக்கிய கிணறும், உடும்பு ஓடி ஆமை தவழ்ந்த இடம் யாவும் உட்பட, மேற்படி வீட்டை விற்றுக்கொடுத்தேன்."

உடும்பும் ஆமையும் எங்கிருந்து வந்தன என்று திகைக்காதீர்கள். அந்தக் காலத்தில் கோயிலுக்குக் காடு கழனி தானம் கொடுக்கும்போது அப்படித்தான் எழுதுவார்கள். இண்டு இடுக்கு விடாமல் அத்தனையும் சேர்த்தி என்று அர்த்தம். சந்துக்குள் இருக்கும் ஓட்டு வீட்டுக்கு அந்த வாசகம் எதற்கு? ஓலைநாயகத்துக்கு அது கம்பீரமாகத் தோன்றியது, அவ்வளவுதான். வீட்டை அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இத்தனைக்கும் அவருடைய மாளிகையின் கொல்லைச் சுவர்தான் பூவுலிங்கத்தின் புறக்கடைக்கு எல்லை.

"இது அடியேன் எழுதிய ஓலை. இதில் ஓரெழுத்தையும் யாரும் நீக்கலாகாது. நீக்க நேர்ந்தால் என் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைத்துவிடுகிறேன்" என்றார் அவர். மன்னர் ஆகட்டும் என்றார். வளர்பிறைப் பஞ்சமிக்குள் பூவுலிங்கம் தன் பக்கத்து ஆவணக்காரரைத் தேடிக்கொள்ள வேண்டும், தவறினால் இருவருக்கும் ஓலைநாயகமே கைச்சாத்து வைப்பார் என்று முடிவாயிற்று.

பூவுலிங்கம் ராஜவீதியில் பேர்பெற்ற ஆவணக்காரர்களின் வாசலையெல்லாம் மிதித்தான். ஓலைநாயகத்தின் ஆள் அவனுக்கு முன்னாலேயே போய் எல்லாரையும் மிரட்டிவிட்டு வந்திருந்தது, பாவம், அவனுக்குத் தெரியாது. ஒருவர், வீடு உன்னுடையது என்றால் மண் யாருடையது என்று கேட்டார். மண் அரசருடையது என்றால் அரசர் தம் மண்ணைத் தாமே எப்படி வாங்குவார் என்று இன்னொருவர் கேட்டார். மூன்றாமவர் நெடுநேரம் கண்ணை மூடி யோசித்து, சட்டப்படி பார்த்தால் நீதான் வாங்குகிறவன், அரசர்தான் விற்கிறவர் என்றார். பூவுலிங்கம் தன் பெயரையே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு வீடு திரும்பினான். எனக்கும் இந்த இடத்தில் எப்போதும் தலை சுற்றும்.

வடிவு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ராஜவீதியில ஏங்க அலையறீங்க? சந்து முனையில நல்லபெருமாள் இருக்காரே" என்றாள்.

"அந்த ஆளா? அவர் ஒரு ஓலை எழுதி முடிக்கறதுக்குள்ள வாங்கினவனுக்கு நரைச்சிரும்" என்றான் பூவுலிங்கம்.

"ஆமா, நரைக்கும். கண்ணால பாக்காத எதுக்கும் கைச்சாத்து வைக்க மாட்டாரு, அந்தப் பிடிவாதம்தான். எங்க அத்தான் வீடு வாங்கினப்போ வடக்குச் சுவர்னு எழுதியிருந்ததைப் பாக்க, காய்ச்சலோட வந்து வேலிக்குள்ள பூந்து முள்ளு குத்திக்கிட்டாரு."

உள்ளூர் மாடு விலை போகாது என்பார்கள். நல்லபெருமாளும் அப்படித்தான். தொணதொணப்பு, மூக்கில் நிற்கும் கோபம், எதற்கெடுத்தாலும் சண்டை. அவரிடம் ஒருமுறை போனவன் மறுமுறை போகமாட்டான். ஆனால் வடிவு சொன்னதைக் கேட்ட பூவுலிங்கத்தின் முகம் மெல்ல மாறியது. கண்ணால் பார்க்காத எதற்கும் என்று அவளை இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். பிறகு மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு முதலில் நல்லபெருமாளிடமும், அங்கிருந்து ஊர்ப்புறத்து வேடர் குடிசைக்கும் போனான்.

பஞ்சமி அன்று மன்னர் பல்லக்கில் வந்து இறங்கினார். சந்து கொள்ளாத கூட்டம். ஓலைநாயகம் பட்டுத்துணியைப் பிரித்து ஓலையை நீட்ட, நல்லபெருமாள் அதைக் கண்ணுக்கு ஒட்டப் பிடித்து வாசித்தார்.

"மேல்நோக்கிய மரம்" என்று படித்துவிட்டு எழுந்து போய் முருங்கையைச் சுற்றி வந்தார். மேல்நோக்கித்தான் இருந்தது. "கீழ்நோக்கிய கிணறு" என்று படித்துவிட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்தார். அதுவும் சரி. திரும்பி வந்து உட்கார்ந்து, எழுத்தாணியைக் கீழே வைத்தார்.

"உடும்பு எங்க? ஆமை எங்க?" என்றார்.

ஓலைநாயகம் ஏளனமாகச் சிரித்து, அது தொன்றுதொட்டு வரும் வாசகம் என்றும், யாரும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை என்றும் விளக்கினார்.

"பாக்காத எடத்துக்கு நான் கைச்சாத்து வைக்கறதில்லைங்க. ஒண்ணு, உடும்பு ஓடி ஆமை தவழ்ந்து காட்டணும். இல்லேன்னா அந்த வரியை அடிச்சிருங்க" என்றார் நல்லபெருமாள்.

வரியை அடித்தால் மோதிரம் போய்விடும். ஓலைநாயகத்தின் சிரிப்பு பாதியில் நின்றது. மன்னருக்கோ வேடிக்கையாக இருந்தது. குடியானவன் வீடு வாங்கும்போது இப்படியெல்லாம் நடக்குமாக்கும் என்று நினைத்து, உடும்பைக் கொண்டுவரச் சொன்னார். கூட்டத்தில் ஒரு வேடன் கூடையோடு நின்றான். அந்த நேரத்தில் அவன் ஏன் அங்கே நின்றான் என்று நீங்கள் கேட்கக் கூடாது, நானும் சொல்லக் கூடாது.

உடும்பைப் புறக்கடையில் விட்டார்கள். மூன்று பக்கமும் ஆட்கள். ஆளில்லாத பக்கம் ஓலைநாயகத்தின் கொல்லைச் சுவர். உடும்பு விறுவிறுவென்று அதில் ஏறி அந்தப் பக்கம் குதித்தது. நல்லபெருமாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுற்றுவழியாக அதன் பின்னாலேயே ஓடினார். மாளிகைக்குள் பாத்திரங்கள் உருளும் சத்தமும் பெண்கள் அலறும் சத்தமும் கேட்டன. வெகுநேரம் கழித்து வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தார்.

"கொல்லை, சமையற்கட்டு, கூடம், மாடி எல்லாம் ஓடிருச்சு. இப்ப உத்தரத்தைப் புடிச்சிக்கிட்டு இருக்கு, எறங்க மாட்டேங்குது. உடும்பு ஓடின எடம்னு இதுல எழுதியிருக்கறதால ஓலைநாயகம் ஐயா வீடும் இந்த விற்பனையில சேர்த்திதான். நான் பாத்தேன், எழுதிக்கறேன்."

ஓலைநாயகத்தின் முகத்தில் ஈயாடவில்லை. "பிரபு, இவன் வீட்டை விற்கும் ஓலையில் என் வீடு எப்படி வரும்?" என்றார். தங்கள் ஓலைதானே ஐயா என்றார் மன்னர். அவருக்கும் குழப்பமாகத்தான் இருந்தது. தாம் எத்தனை வீடு வாங்குகிறோம் என்பதே அவருக்குப் பிடிபடவில்லை.

அடுத்து ஆமை. வேடன் அதை வாசற்படியில் வைத்தான். அது ஓட்டுக்குள்ளிருந்து மெதுவாகக் கழுத்தை நீட்டி, படிக்குள் ஒரு காலைத் தூக்கியது. மன்னர் பதறி எழுந்தார்.

"நிறுத்துங்கள். ஆமை புகுந்த வீடு உருப்படுமா? இதில் நான் படுத்துத் தூங்க வேண்டாமா?"

பூவுலிங்கம் ஆமையை அப்படியே தூக்கிக் கையில் வைத்துக்கொண்டு மன்னர் முன்னால் வந்து நின்றான்.

"அரசே, ஆமை உள்ளே போனால் இந்த வீடு ஓலையில் சேரும், ஆனால் உருப்படாது. போகாவிட்டால் வீடு உருப்படும், ஆனால் ஓலையில் சேராது. ஓலைநாயகத்தின் மாளிகை மட்டும் உடும்பின் புண்ணியத்தால் தங்களுக்கு வந்துவிட்டது. நான் என்ன செய்யட்டும்?"

மன்னர் ஆமையைப் பார்த்தார். வீட்டைப் பார்த்தார். ஓலைநாயகத்தைப் பார்த்தார். ஓலைநாயகம் மோதிரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். அந்த வரியை அடித்துவிடுமாறு இரண்டு கைகளாலும் கும்பிட்டார்.

"பூவுலிங்கம், உண்மையைச் சொல். உனக்கு இந்த வீட்டை விற்க மனமில்லையா?" என்று கேட்டார் மன்னர்.

"மனமில்லை அரசே. இல்லை என்று சொல்லத் துணிவும் இல்லை. வடிவு தன் காதிலிருந்ததைக் கழற்றி இந்தக் கூரையைப் போட்டாள். எங்கள் பிள்ளை இதற்குக் கீழே பிறக்க வேண்டும்." விகடன் அழுது அந்த ஊர் பார்த்தது அன்றைக்குத்தான்.

மன்னர் தலையை உயர்த்தி அந்தக் கூரையைப் பார்த்தார். பிறகு உத்தரத்தில் தொங்கும் உடும்பு நினைவுக்கு வந்ததோ என்னவோ, தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஓலையைக் கிழிக்கச் சொன்னார். மோதிரம் என்னிடமே இருக்கட்டும், ஒரு வீட்டைப் பார்க்காமல் ஓலை எழுதமாட்டேன் என்று ஓலைநாயகம் சத்தியம் செய்யும் நாளில் தருகிறேன் என்றார். வடிவுக்கு அரண்மனையிலிருந்து கெம்புத் தோடு வந்தது, பழையதைவிடப் பெரியது. பூவுலிங்கத்துக்குத் தம் கழுத்திலிருந்த முத்துமாலையைப் போட்டார்.

"ஆனாலும் என் தூக்கம் போச்சே" என்றார் கடைசியில், சின்னப் பிள்ளைபோல.

வடிவு முன்னால் வந்தாள். "வீடு எங்களோடதுங்க மகாராசா. தூக்கம் உங்களோடது. எப்ப வேணும்னாலும் வந்து தூங்கிட்டுப் போங்க. மோர் நான் தரேன்."

அதையே ஓர் ஓலையாக எழுதித் தரும்படி மன்னர் கேட்டார். நல்லபெருமாள் ஒரே வரியில் எழுதினார்: 'இந்த முற்றத்தில் மன்னர் தூங்குவார்.' எல்லாரும் கைச்சாத்துக்குக் காத்திருந்தார்கள். அவர் எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டு, "நான் இன்னும் பாக்கலையே" என்றார்.

மன்னர் கிரீடத்தைக் கழற்றிப் பூவுலிங்கத்தின் கையில் கொடுத்தார். மோரைக் குடித்துவிட்டுக் கோரைப்பாயில் சாய்ந்தார். சந்தில் நின்ற அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் குறட்டை எழும்பியது. நல்லபெருமாள் குனிந்து நன்றாகப் பார்த்துவிட்டு, சத்தம் கேட்காமல் கைச்சாத்து வைத்தார். மன்னர் தூங்கட்டும், நாமும் சத்தம் போடாமல் கலைவோம்.